வரிசையின் கடைசியில் போய் நில்லுங்கள்

ஜோடி ஜோடியாக வரிசையில் நின்று ஆடும் ஸ்காட்டிஷ் கன்ட்ரி நடன மாலைக்கு முதல்முறை வருகிறவர்கள் எல்லாரும் காலடியை நினைத்தே கவலைப்படுகிறார்கள். காலடி மெல்ல வந்துவிடும். எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்று மட்டும் தெரிந்துகொண்டு வாருங்கள். எடின்பரோவில் ஒரு தேவாலயக் கூடத்தில் வாராவாரம் ஆடுகிறவள் சொல்கிறேன்.

ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை. இரண்டு பெண்கள் ஜோடி சேர்ந்தால் ஒருவர் ஆண் வரிசையில் நிற்பார். இசைக்குழு இருக்கும் பக்கம்தான் தலைப்பக்கம்; ஆண் வரிசைக்கு அது இடது தோள் பக்கம். நீங்கள் சேர வேண்டியது வரிசையின் கடைசியில். நடுவில் புகுந்தால், மேலிருந்து நான்கு நான்கு ஜோடியாக எண்ணிக்கொண்டு வருபவரின் கணக்கு குலைந்துவிடும். அந்த நான்கு ஜோடிதான் ஒரு செட். செட் அமைந்தபின் விலகிப் போகாதீர்கள். மற்ற ஆறு பேரும் ஆட முடியாமல் நிற்பார்கள். முதல் ஜோடியாக அமைந்துவிட்டால், "நாங்கள் புதிது, கீழே மாறிக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள். மூன்றாவதாகவோ நான்காவதாகவோ நின்றால், மேலே ஆடுகிறவர்களைப் பார்த்தே பாதி பிடிபட்டுவிடும்.

இசைக்குழுவின் தொடக்க நாண் (பல சுரங்கள் சேர்ந்த ஒலி) கேட்டதும் ஜோடியைப் பார்த்து வணங்க வேண்டும். பெரும்பாலான நடனங்களில் முதல் ஜோடி இரண்டு சுற்று ஆடிவிட்டு, அடுத்த ஜோடி தொடங்கும்போது ஓரமாகக் கடைசி இடத்துக்கு நழுவ வேண்டும். புதியவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். வழி தவறினால் பதறாதீர்கள். அடுத்த அசைவு தொடங்கும் இடத்தில் போய் நின்றால் எதிரே ஒரு கை நீளும்.

அந்தக் கையை எப்படிப் பிடிக்கிறோம் என்பது எனக்கு மிக முக்கியம். எங்கள் குழுவில் ஓர் அம்மையாருக்கு விரல் மூட்டுகளில் வாதம். ஒருமுறை யாரோ கட்டைவிரலால் அழுத்திச் சுழற்றியதில் அன்று மாலை முழுக்க அவர் உட்கார்ந்தே இருந்தார். கைகுலுக்குவது போலப் பிடியுங்கள். இழுக்கவோ முறுக்கவோ வேண்டாம். 51ஆம் டிவிஷன் ரீல் ஆடும்போது இன்னும் கவனம் தேவை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியச் சிறைமுகாமில் இருந்த ஸ்காட்லாந்து வீரர்கள் உருவாக்கிய நடனம் அது. மூலைக்கு மூலை கைகோர்த்து, ஸ்காட்லாந்துக் கொடியில் இருக்கும் X வடிவ செயின்ட் ஆண்ட்ரூ சிலுவையை நினைவூட்டும்படி நிற்பார்கள். ஒரு கை தளர்ந்தால் கோடு கலைந்துவிடும்.

காலில் மெல்லிய தோல் கில்லி காலணி நல்லது. குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டவே வேண்டாம். வாராந்திர மாலைக்கு கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் கட்டம்போட்ட பாவாடை) கட்டாயமில்லை.

ஒவ்வொரு நடனத்துக்கும் வேறு ஜோடி. ஒருவர் அழைத்து நீங்கள் மறுத்தால், அந்த நடனத்தை இன்னொருவரோடு ஆடக் கூடாது. முடிந்ததும் செட்டில் இருக்கும் எல்லாருக்கும் நன்றி, இசைக்குழுவுக்குக் கைதட்டல்.

கடைசியில் பெரிய வட்டமாக நின்று ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் 'ஆல்ட் லாங் சைன்' பாடுவோம். தொடக்கத்திலேயே கைகளைக் குறுக்காகக் கோர்த்துவிடாதீர்கள். கடைசிச் சரணம் வரும்வரை சாதாரணமாகப் பிடித்திருங்கள்.