க்ரூகர் சஃபாரியோடு கேப் டவுனையும் ஒயின் தோட்டங்களையும் சேர்ப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவுக்குப் போகிற நம்மூர்க்காரர்கள் பலர் க்ரூகர் தேசியப் பூங்காவில் நாலு நாள் சிங்கம், யானை பார்த்துவிட்டு ஜோகன்னஸ்பர்க் வழியாகத் திரும்பிவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் போய்க் கேப் டவுனைப் பார்க்காமல் வர எனக்கு மனசு ஒப்பவில்லை. அம்மா, மனைவி, நான் என மூன்று பேர். டூர் கம்பெனி இல்லாமல் நானே திட்டம் போட்டேன். ஓர் இடத்தில் நன்றாகச் சறுக்கினேன். அந்த இடத்தைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன். விசா, ஃபாரெக்ஸ் கார்டு பற்றியெல்லாம் எழுதவில்லை.

1. முதலில் மாதம், அப்புறம்தான் டிக்கெட்

க்ரூகருக்கு நல்ல பருவம் மே முதல் செப்டம்பர் வரை. மழை இருக்காது, புதர்கள் இலை உதிர்த்திருக்கும், விலங்குகள் தண்ணீர் தேடி ஆற்றோரம் வரும். ஆனால் அதே ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கேப் டவுனில் குளிரும் மழையும். டிசம்பரில் கேப் டவுன் பிரமாதமாக இருக்கும்; க்ரூகரில் புல் உயர்ந்து, பத்தடி தள்ளி நிற்கும் சிறுத்தைகூடக் கண்ணில் படாது. இரண்டுக்கும் ஒத்துவருவது செப்டம்பர், அக்டோபர். இல்லையென்றால் ஏப்ரல் கடைசி, மே தொடக்கம்.

நாங்கள் போனது அக்டோபர் கடைசியில். அப்போது திராட்சைக் கொடிகளில் பச்சைத் தளிர்தான் இருந்தது, குலை கிடையாது. அறுவடை பார்க்க ஆசையென்றால் பிப்ரவரி, மார்ச். ஆனால் அப்போது க்ரூகரில் புல் அடர்ந்திருக்கும்.

2. நாட்களைப் பிரிப்பது

10 இரவு கிடைத்தால் க்ரூகர் 4, கேப் டவுன் 4, ஒயின் பகுதி 2. சஃபாரியை முதலில் வையுங்கள். தினமும் விடியுமுன் எழுந்து வண்டியில் உட்கார உடம்பு தெம்பாக இருக்கும்போதுதான் முடியும். ஒயின் பகுதி கடைசியில்.

3. இணைப்பு நாள்: நான் சறுக்கிய இடம்

க்ரூகர் பக்கம் மூன்று விமான நிலையங்கள் உண்டு. ஸ்குகுசா பூங்காவுக்கு உள்ளேயே இருக்கிறது. க்ரூகர் எம்புமலாங்கா இருப்பது தெற்கே எம்பொம்பேலா நகருக்கு அருகே. ஹூட்ஸ்புரூட் மேற்கெல்லையில் தனியார் லாட்ஜுகளுக்குப் பக்கம். மூன்றிலிருந்தும் கேப் டவுனுக்கு நேரடி விமானம் இருக்கிறது, சுமார் இரண்டரை மணி நேரப் பயணம். ஜோகன்னஸ்பர்க் வரை திரும்ப ஓட்டிவந்து விமானம் ஏறுவது மலிவாகத் தெரியும். ஒரு நாள் முழுக்கச் சாலையில் போய்விடும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கடைசி இரவு எங்கே தங்குவது என்பதில்தான் தப்பு செய்தேன். சத்தாரா முகாமில் அறை எடுத்திருந்தேன். அங்கிருந்து ஸ்குகுசா 90 கிலோமீட்டருக்குச் சற்று மேல். விமானம் மதியம்தான். ஒன்றரை மணி நேரம் போதும் என்று கணக்குப் போட்டு, நிதானமாகக் காலைச் சாப்பாடு முடித்துக் கிளம்பினோம்.

பூங்காவுக்குள் தார்ச் சாலையில் வேக வரம்பு 50 கிலோமீட்டர், மண் சாலையில் 40. எங்கும் நிற்காமல் போனாலே இரண்டு மணி நேரம் ஆகும். எங்களால் நிற்காமல் போக முடியவில்லை. வழியிலிருக்கும் ச்சொக்வானே ஓய்விடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சாலை நடுவே யானைக் கூட்டம். குட்டி ஒன்று தாயின் காலுக்கிடையே நின்று, தும்பிக்கையால் தாரில் கிடந்த ஒரு குச்சியை எடுப்பதும் நழுவவிடுவதுமாக இருந்தது. எங்களுக்கு முன்னால் நாலைந்து கார்கள். ஒரு பெரிய பெண் யானை காதை விரித்து எங்கள் பக்கம் திரும்பியது. முன்னால் நின்ற கார் மெதுவாகப் பின்னால் வர, நாங்களும் வந்தோம். ஹாரன் அடிக்கக் கூடாது, ஓரமாக நுழைந்து தாண்டவும் கூடாது. அவை போகிறவரை காத்திருப்பதுதான் வழி. நாற்பது நிமிடம் போனது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கவுன்டர் மூடியிருந்தது. மறுநாள் விமானத்துக்குப் புது டிக்கெட் எடுத்தோம். கேப் டவுனில் பணம் கட்டிய ஓர் இரவும் வீண்.

அதனால் இப்படிச் செய்யுங்கள்:

- கடைசி இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்து முகாமில் தங்குங்கள். ஸ்குகுசா விமானம் என்றால் ஸ்குகுசா முகாம்.
- அக்டோபரில் முகாம் கதவு காலை 5.30-க்குத் திறக்கும். தள்ளித் தங்க நேர்ந்தால் திறந்த உடனே கிளம்புங்கள்.
- மேப் ஆப் காட்டும் நேரத்தைப் பூங்காவுக்குள் நம்ப வேண்டாம். முகாம் கடையில் விற்கும் அச்சு வரைபடம் வாங்குங்கள். எனக்கு ஆப்பைவிட அதுதான் உதவியது.
- கேப் டவுனில் இறங்கும் நாளில் எந்த முன்பதிவும் வைக்காதீர்கள்.

4. கேப் டவுன்: காற்றைப் பார்த்து முடிவு

நாங்கள் தவறவிட்ட அந்த ஒரு நாள் டேபிள் மவுண்டனில் மேகமே இல்லையாம். அடுத்த இரண்டு நாளும் தென்கிழக்குக் காற்று. மலைமேல் வெள்ளைத் துணி விரித்ததுபோல் மேகம் வழிந்து இறங்கியது. கேபிள் கார் ஓடவில்லை. வசந்தத்திலும் கோடையிலும் இந்தக் காற்று சகஜம். ஆகவே மலைக்கென்று ஒரு தேதி குறிக்காதீர்கள். காலையில் எழுந்ததும் கேபிள் கார் இணையதளத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் மற்றதைத் தள்ளிவைத்துவிட்டுக் கிளம்புங்கள். முந்தின இரவே காற்று நிலவரம் பார்க்க நான் விண்டி ஆப் வைத்திருந்தேன்.

ராபன் தீவுக்கு மட்டும் முன்பதிவு அவசியம். மண்டேலா தன் 27 ஆண்டுச் சிறைவாசத்தில் 18 ஆண்டுகளைக் கழித்த இடம். படகோடு சேர்த்து மூன்றரை மணி நேரம் ஆகும். நகரத்துக்குள் ஊபர் போதும். போல்டர்ஸ் கடற்கரைப் பென்குவின்களும் கேப் பாயின்ட்டும் பார்க்கிற ஒரு நாளுக்கு மட்டும் கார் எடுங்கள். அங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுவது, பழக்கமாகவே இருக்கும்.

நகர மையத்தில் 1679-இல் கட்டிய ‘ஸ்லேவ் லாட்ஜ்’ இருக்கிறது; அடிமைகளை அடைத்துவைத்த கட்டடம், இப்போது அருங்காட்சியகம். தவறவிடாதீர்கள். பழவேற்காட்டையும் நாகப்பட்டினத்தையும் பிடித்து வைத்திருந்த அதே டச்சுக் கம்பெனி, சோழமண்டலக் கரையிலிருந்தும் மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தது. அம்மா அந்த அறைகளில் ரொம்ப நேரம் பேசாமல் நின்றார்.

5. ஒயின் பகுதி

ஸ்டெல்லன்போஷ் கேப் டவுனிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், ஃபிரான்ஷ்ஹூக் 75. இதைக் கடைசியில் வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு: மலை மூடியிருந்து ஏமாந்தால், ஸ்டெல்லன்போஷிலிருந்து காலையில் போய் ஏறிவிட்டுத் திரும்பலாம். நாங்கள் அப்படித்தான் ஏறினோம். விமான நிலையமும் அங்கிருந்து கிட்ட.

இங்கே யாரும் ஓட்டாதீர்கள். ரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராம்தான் வரம்பு. நாலு தோட்டத்தில் ருசி பார்த்தால் தாண்டிவிடும். ஃபிரான்ஷ்ஹூக்கில் ஒயின் டிராம் இருக்கிறது. தோட்டத்துக்குத் தோட்டம் இறங்கி ஏறலாம். ஒரு நாளைக்கு மூன்று தோட்டம் போதும். பினோட்டாஜ் என்ற சிவப்பு ஒயினைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதற்கான திராட்சை, 1925-இல் ஸ்டெல்லன்போஷில் பெரோல்ட் என்ற பேராசிரியர் இரண்டு திராட்சை வகைகளைக் கலப்பினம் செய்து உருவாக்கியது. மேசைமேல் இருக்கும் வாளியில் துப்புவது மரியாதைக் குறைவு இல்லை, அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

“குடிக்காதவர்கள் போகலாமா?” என்று சிலர் கேட்டிருந்தார்கள். அம்மா குடிப்பதில்லை. பாபிலோன்ஸ்டோரன் தோட்டத்தில் காய்கறிப் பாத்திகளுக்கு நடுவே அரை நாள் சுற்றினார். இந்தப் பயணத்தில் அவருக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

ஒரு வாசகர் கேப் டவுன் வந்ததும் மலேரியா மாத்திரையை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கேப் டவுனில் மலேரியா இல்லை, ஆனால் க்ரூகரில் உண்டு. அடோவகுவோன்-புரோகுவானில் என்றால் க்ரூகரை விட்டபின் 7 நாள், டாக்சிசைக்ளின் என்றால் 4 வாரம் தொடர வேண்டும். எந்த மாத்திரை என்பதை டாக்டர் சொல்லட்டும்.

கென்யாவில் சஃபாரி முடித்துக் கேப் டவுன் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டோடு போங்கள்.