கன்றுக்குட்டியும் வாலும்: அறிதுயில் அறையில் நாம் செய்யும் தவறுகள்

பாளையங்கோட்டையில் நான் ஹிப்னோதெரபி, அதாவது அறிதுயில் சிகிச்சை, தொடங்கிய புதிது. பீடியை விடுவதற்காக ஒரு அண்ணாச்சி வந்தார். வந்தார் என்ன, மகன் கூட்டி வந்தான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர், "என்னையெல்லாம் மயக்க முடியாது, பாத்துக்கிடுங்க" என்றார். நான் விடவில்லை. "உங்க கை கனமாகுது" என்றேன். "கனக்கலியே" என்றார். குரலை இறக்கி மறுபடி சொன்னேன். "இல்லியே."

மறுப்பை மல்லுக்கட்டாக்கியதுதான் என் முதல் தவறு.

மறைமுக உத்திகளுக்குப் பேர்போன அமெரிக்க மனநல மருத்துவர் மில்டன் எரிக்சன் (1901–1980) தன் சிறுவயதுக் கதை ஒன்றைச் சொல்வார். கொட்டிலுக்குள் வர மறுத்த கன்றை அப்பா முன்னாலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார். பையன் போய் வாலைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்தான். கன்று அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டது. நான் அண்ணாச்சியிடம் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "மயங்கவே வேண்டாம். கண்ணைத் திறந்தே இருங்க. நான் சொல்றதுல எது சரியில்லைன்னு மட்டும் கவனிச்சிட்டே வாங்க." அவர் அதைத்தானே செய்துகொண்டிருந்தார். ஊன்றிக் கவனிப்பதே அறிதுயிலுக்குப் பாதி வழி.

இதைக் கற்றுக்கொண்டதும் அடுத்த தவறு வரும்: சாமர்த்தியம். "கண்ணை இப்ப மூடுறீங்களா, ரெண்டு நிமிஷம் கழிச்சா?" என்று கேட்பது. டவுனில் அல்வாக் கடைக்காரர் "அரைக் கிலோவா, ஒரு கிலோவா?" என்று கேட்பாரே, அதேதான். கால் கிலோ வாங்க வந்தவருக்குச் சட்டென்று புரிந்துவிடும். 'மூடாமலும் இருக்கலாம்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதையும் மனதார.

மூன்றாவதை இன்றும் சில நாள் செய்கிறேன். அழ ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்று பயந்த ஒரு அக்காவிடம் குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். தண்ணீர் மண்டபத்துக்கு மேலே ஓடும். வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுப் பூசையைத் தொடங்குவார்கள். அவர் பார்வை ஒரே இடத்தில் நின்றது, மூச்சு நீண்டது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உங்க மனசும் அந்தக் கோயில் மாதிரிதான்" என்றேன். "புரியுது சார்" என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது. கதைக்கு உரை எழுதாதீர்கள்.

அப்புறம், "உங்கள் இமைகள் கனக்கின்றன" என்ற டப்பிங் தமிழ். வேண்டவே வேண்டாம். வந்தவர் பேச்சிலேயே பேசுங்கள்.

தொடக்கூடாத மறுப்பும் உண்டு. காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்பவரை மனநல மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும். பழைய நினைவைத் தோண்ட மறுப்பவரைக் கதை சொல்லி உள்ளே தள்ளக்கூடாது. அறிதுயிலில் பொய் நினைவுகளும் உருவாகும். வீட்டார் இழுத்து வந்தவரிடம், அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று முதலில் கேளுங்கள். அண்ணாச்சியிடம் நான் அதைக் கேட்கவே இல்லை.

அடுத்த சிட்டிங்குக்கு அவர் வரவில்லை. ஒரு நாள் விடியற்காலை டீக்கடையில் பார்த்தேன். சேக்காளிகள் நாலு பேர் சுற்றி இருக்க, விரலிடுக்கில் பீடி. என்னைக் கண்டதும் சிரித்தார்.

"என்ன சார்வாள், கை கனக்குதா?"