இராணுவம் எழுதித் தரும் அரசியலமைப்பை வாசிப்பது எப்படி

இராணுவ ஆட்சியில் உருவான அரசியலமைப்பைக் கையில் எடுத்தால் முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். முகவுரையும் அடிப்படை உரிமைகள் அத்தியாயமும் எந்த நாட்டிலும் அழகாகத்தான் இருக்கும். நைஜீரியாவின் 1999 அரசியலமைப்பு மக்களின் பெயரால் பேசித்தான் தொடங்குகிறது. அதைப் பிறப்பித்ததோ இராணுவ அரசின் 24ஆம் இலக்கக் கட்டளை. வாசிப்பவர் தேட வேண்டியது ஒன்றைத்தான்: தேர்தலில் வென்று வருபவர் எதை மாற்றலாம், எதைத் தொடவே முடியாது? அதற்கான விடை பெரும்பாலும் கடைசி அத்தியாயங்களில் கிடக்கும்.

கொழும்பில் ஒரு வாசிப்பு வட்டம் இதை இரண்டு மாலைப் பொழுதில் செய்து முடிக்கலாம். நான்கைந்து பேர் போதும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டு மேசை, ஆளுக்கொரு அச்சுப் பிரதி, ஒரு கணிப்பான். பிரதி எந்த ஆண்டுத் திருத்தம் வரை சேர்த்தது என்று முதலில் பாருங்கள். பழைய பிரதியை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக வாதாடுவதுதான் இப்படியான வட்டங்களில் அடிக்கடி நடக்கும் பிழை.

முதலில், எழுதியவர் யார், எந்தக் கட்டளையின் கீழ் எழுதினார் என்பதை ஒரு தாளில் குறியுங்கள். மியன்மாரில் அரசியலமைப்பை வரைவதற்கான தேசிய மாநாடு 1993இல் கூடியது. பிரதிநிதிகளில் பெரும்பான்மையோர் இராணுவ அரசு தெரிவு செய்தவர்கள். நாட்டின் அரசியல் தலைமையில் இராணுவத்துக்குப் பங்கு உண்டு என்பது மாநாட்டுக்கு முன்கூட்டியே விதிக்கப்பட்ட நோக்கங்களில் ஒன்று. 1996இல் வந்த 5/96 சட்டம், மாநாட்டைக் குழப்புவதாகக் கருதப்படும் பேச்சுக்கும் எழுத்துக்கும் 20 ஆண்டு வரை சிறை என்றது. பிஜியில் கென்ய அரசியலமைப்பு அறிஞர் யாஷ் காய் தலைமையிலான ஆணைக்குழு 2012இல் ஒரு வரைவைத் தந்தது. அதன் அச்சுப் பிரதிகளைப் பொலிஸார் கைப்பற்றினார்கள். 2013இல் நடைமுறைக்கு வந்தது அரசாங்கம் தானே தயாரித்த இன்னொரு வரைவு. இப்படி ஒரு வரைவு கைவிடப்பட்டிருந்தால் அதையும் தேடி எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வையுங்கள். எது வெட்டப்பட்டது என்பதைப் போல உண்மை சொல்லும் சாட்சி வேறில்லை.

திருத்தக் கணக்கு

முதல் மாலையின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்குங்கள். கணக்குப் பழக நம் நாட்டு அரசியலமைப்பையே முதலில் எடுக்கலாம். இலங்கையில் இராணுவ ஆட்சி இருந்ததில்லை. இங்கே அது பயிற்சிக்காக மட்டும். பாராளுமன்றத்தில் 225 பேர். மூன்றில் இரண்டு என்றால் 150. சமுகமளிக்காதவர்களையும் சேர்த்த மொத்தத் தொகையில்தான் இந்த மூன்றில் இரண்டு என்று 82ஆம் உறுப்புரை சொல்கிறது. 83ஆம் உறுப்புரையில் பட்டியலிட்ட விடயங்களுக்குச் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும். "மொத்த உறுப்பினரில்", "வாக்களித்தவரில்" என்ற இரண்டையும் குழப்பினால் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும்.

இனி மியன்மாரின் 2008 அரசியலமைப்பு. கீழவையில் 440 ஆசனம், அதில் 110 இராணுவத்துக்கு. மேலவையில் 224, அதில் 56 இராணுவத்துக்கு. ஆக மொத்தம் 664. தெரிவு செய்யப்படுவோர் 498, சீருடையுடன் வருவோர் 166. திருத்தத்துக்கு 436ஆம் பிரிவு கேட்பது 75 வீதத்துக்கு *மேல்*. 664இன் 75 வீதம் எவ்வளவு? சரியாக 498. ஆகவே தெரிவு செய்யப்பட்ட அத்தனை பேரும், ஒருவர்கூட வராமல் இருக்காமல், எதிர்க்கட்சியும் சேர்ந்து கை உயர்த்தினாலும் ஒரு வாக்குக் குறையும். அந்த ஒரு வாக்கு பிரதம தளபதி நியமித்தவரிடம் இருக்கிறது. முக்கியமான பிரிவுகளுக்கு இதற்கு மேலாக, வாக்குரிமை உள்ள அனைவரிலும் பாதிக்கு மேற்பட்டோரின் ஆதரவும் வாக்கெடுப்பில் வேண்டும். 2015 யூனில் இந்த 75ஐ 70 ஆகக் குறைக்கும் முயற்சி தோற்றது, 2020இல் இந்தத் தடையைத் தளர்த்த எடுத்த முயற்சியும் தோற்றது. கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு அந்தத் தோல்விகளில் வியப்பு இருக்காது.

தாய்லாந்தில் பூட்டு வேறு இடத்தில். 2017 அரசியலமைப்பின் இடைக்கால ஏற்பாடுகள் 250 நியமன செனட்டர்களைத் தந்தன. அவர்களைத் தெரிவு செய்தது 2014 மே மாதம் ஆட்சியைப் பிடித்த இராணுவக் குழு. முதல் 5 ஆண்டுக்கு, அதாவது 2024 வரை, பிரதமர் தெரிவில் அவர்களுக்கும் வாக்கு இருந்தது. 500 பேர் கொண்ட சபையோடு சேர்த்தால் 750, பாதிக்கு மேல் 376. செனட் முழுவதும் ஒரு பக்கம் நின்றால் அந்தப் பக்கத்துக்கு மக்கள் தெரிவு செய்தவர்களில் 126 பேர் போதுமாக இருந்தது. மற்றப் பக்கத்துக்கு 376 பேரும் வேண்டியிருந்தது. 2023 தேர்தலில் 151 ஆசனத்துடன் முதலிடம் வந்த கட்சியின் தலைவர் பீட்டா, யூலை 13 வாக்கெடுப்பில் 324 பெற்றுத் தோற்றார். செனட்டர்களில் அவருக்கு வாக்களித்தோர் 13 பேர்.

துப்பாக்கியும் பணமும்

பாதுகாப்பு, உள்நாட்டு அலுவல்கள், எல்லை அலுவல்கள் அமைச்சர்களை யார் நியமிக்கிறார் என்று பாருங்கள். மியன்மாரில் மூன்றுக்கும் பெயர் தருவது பிரதம தளபதி. பிறகு 201ஆம் பிரிவிலுள்ள தேசிய பாதுகாப்புச் சபையின் 11 பேரையும் ஒவ்வொருவராக எண்ணுங்கள்: பிரதம தளபதி, துணைத் தளபதி, அந்த மூன்று அமைச்சர்கள், இராணுவ உறுப்பினர்கள் முன்மொழிந்து வந்த துணை ஜனாதிபதி. ஆறு பேர். ஜனாதிபதி எவ்வளவு பெரிய வெற்றியோடு வந்தாலும் அந்த மேசையில் அவர் சிறுபான்மை.

அவசரகாலப் பிரிவை இதோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். தனியாக வாசித்தால் பாதுகாப்பானதாகத் தோன்றும். 417ஆம் பிரிவு அவசரகால நிலையைப் பிரகடனம் செய்யும் அதிகாரத்தை ஜனாதிபதிக்கே தருகிறது. 2021 பெப்ரவரி 1 அன்று ஜனாதிபதி வின் மியின்ட்டைத் தடுத்து வைத்தார்கள். இராணுவம் முன்மொழிந்திருந்த துணை ஜனாதிபதி பதில் ஜனாதிபதியானார். அவர் கையொப்பமிட்டு, 418இன்படி அதிகாரம் பிரதம தளபதிக்குப் போனது. ஆகவே ஜனாதிபதி இல்லாத வேளையில் அவரது கதிரையில் யார் அமர்வார் என்ற பிரிவைத் தேடிப் பிடித்து ஓரத்தில் கோடிடுங்கள்.

பணம் அரசியலமைப்புக்கு வெளியேயும் இருக்கும். சிலியில் அரச செப்பு நிறுவனத்தின் ஏற்றுமதி வருவாயில் 10 வீதத்தை இராணுவத்துக்குக் கொடுத்தது ஒரு தனிச் சட்டம். அது 2019 வரை நீக்கப்படவில்லை.

பொது மன்னிப்பு, பழைய கட்டளைகள்

இவை நேராகவே எழுதப்பட்டிருக்கும், தேட நேரம் எடுக்காது. மியன்மாரில் 445, தாய்லாந்தில் 279, பிஜியில் 10ஆம் அத்தியாயம். பழைய கட்டளைகள் எல்லாம் செல்லுபடியாகும் என்ற வாசகத்தைக் கண்டால், அவற்றை உரிமைகள் அத்தியாயத்தின் அடிப்படையில் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியுமா என்று பாருங்கள். நம் அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரையைப் படித்தவருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல: அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் 1978க்கு முந்திய சட்டங்கள் செல்லும் என்றே அது சொல்கிறது. பிஜியின் 131ஆம் பிரிவையும் தவற விடாதீர்கள். நாட்டின் பாதுகாப்போடு எல்லா மக்களின் *நலனுக்கும்* இராணுவமே பொறுப்பு என்கிறது. "நலன்" என்ற சொல்லுக்குள் எதையும் அடக்கலாம்.

வாக்கெடுப்பு வீதம்

மியன்மாரில் 92.48 வீதம் ஆம் என்றார்கள் என்பது அரச கணக்கு. நர்கீஸ் புயல் கரையைத் தாண்டியது 2008 மே 2இல். வாக்கெடுப்பு மே 10இல். மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கு மட்டும் மே 24க்குத் தள்ளினார்கள். தாய்லாந்தில் 2016 ஓகஸ்ட் 7 அன்று 61.35 வீதம், வரைவுக்கு எதிராகப் பிரசாரம் செய்தவர்கள் 10 ஆண்டு வரை சிறை தரும் சட்டத்தின் கீழ் கைதானார்கள். இரண்டாவது கேள்வி செனட்டுக்குப் பிரதமர் தெரிவில் வாக்குக் கொடுப்பது பற்றியது, ஆனால் "செனட்" என்ற சொல்லே கேள்வியில் இல்லை. ஆகவே வீதத்தை எழுதும்போது பக்கத்திலேயே மூன்றைச் சேர்த்து எழுதுங்கள்: "வேண்டாம்" என்று பகிரங்கமாகச் சொல்ல முடிந்ததா, கேள்வியின் முழு வாசகம் என்ன, "வேண்டாம்" வென்றால் அடுத்து என்ன நடக்கும் என்று யாராவது சொன்னார்களா. பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிப்பதா என்று கேட்ட சர்வஜன வாக்கெடுப்பில், அவசரகாலச் சட்டத்தின் கீழ் 1982 டிசம்பரில் விளக்குக்கும் (ஆம்) குடத்துக்கும் (வேண்டாம்) வாக்களித்த நம் நாட்டில் இதை விளங்க வைப்பது கடினமில்லை.

இரண்டாம் மாலை: சந்தேகத்தை எழுதுவது

எல்லாம் நாடகம் என்று ஒரே வரியில் முடிப்பது சோம்பல், பல இடங்களில் பிழையும்கூட. சிலியில் நியமன செனட்டர்களும், தளபதிகளைப் பதவி நீக்க முடியாத நிலையும் 2005 திருத்தத்தோடு போயின. இந்தோனேசியாவில் 1999இல் இராணுவத்துக்கும் பொலிஸுக்கும் இருந்த 38 ஆசனங்கள் 2004இல் இல்லை. பாகிஸ்தானில் ஜனாதிபதி பாராளுமன்றத்தைத் தன் விருப்பில் கலைக்கும் அதிகாரத்தை 2010இன் 18ஆவது திருத்தம் அகற்றியது. இந்த மூன்று நாடுகளிலும் திருத்தத்துக்கு இராணுவம் நியமித்தவரின் வாக்கு இல்லாமல் வழி இருந்ததா, அல்லது இராணுவமே ஏன் விட்டுக் கொடுத்தது என்பதைத் தனித்தனியே பாருங்கள்.

முடிவில் ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். மேலே திருத்தக் கணக்கு, எண்களுடன். அடுத்து, தேர்தலில் வென்றவர் தொட முடியாத பதவிகளின் பெயர்கள், பிரிவு இலக்கத்துடன். அதன் கீழே காலாவதியாகும் ஏற்பாடுகளும் அவை முடியும் திகதியும். தாய்லாந்து செனட்டின் 5 ஆண்டு போல. ஒவ்வொரு திகதி வரும்போதும் குறிப்பைத் திரும்ப எடுத்து, அந்த ஏற்பாடு உண்மையில் முடிந்ததா, வேறு சட்டத்தில் புகுந்துகொண்டதா என்று பதியுங்கள்.