ஃபார்ஃபிட்: டெபாசிட் பறிபோவதிலிருந்து வீட்டு விளையாட்டு வரை

டெண்டர், வங்கி ஏலம், தேர்தல், விளையாட்டு என்று எங்கும் வரும் ஆங்கிலச் சொல் ஃபார்ஃபிட். அகராதியைப் புரட்டினால் அபராதம், பறிமுதல், இழப்பு என்று பல பொருள் கிடைக்கும். எதை எங்கே போடுவது என்பதில்தான் புதிதாகப் படிப்பவர்களுக்குத் தடுமாற்றம்.

1. உச்சரிப்பு

கடைசியில் 'ஃபீட்' என்று இழுக்காதீர்கள். முதல் அசையை அழுத்தி, முடிவைக் குறுக்கி, ஃபார்ஃபிட்.

2. பணம் எப்போது கைமாறியது?

இந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதிக் குழப்பம் போய்விடும். ஹெல்மெட் இல்லாமல் கடலூர் பாரதி சாலையில் பிடிபட்டு, அதன் பிறகு கட்டுவது ஃபைன், அபராதம். முன்கூட்டியே கொடுத்து வைத்த பணமோ, கையில் இருந்த உரிமையோ நம் தவறால் திரும்பாமல் போனால்தான் ஃபார்ஃபிட்.

வங்கி ஏல அறிவிப்பைப் பாருங்கள். ஏலம் எடுத்தவர் 25 சதவீதத்தை அன்றோ மறு வேலைநாளிலோ கட்ட வேண்டும். மீதி 75 சதவீதத்துக்குப் பொதுவாக 15 நாள் கெடு. கெடு தவறினால் கட்டிய 25 சதவீதமும் போகும்.

தேர்தலில் இதையே 'டெபாசிட் காலி' என்கிறோம். சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்குப் பாதி. செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். 1,20,000 செல்லும் வாக்கு பதிவான தொகுதியில் சரியாக 20,000 வாங்கினாலும் டெபாசிட் போய்விடும்; 20,001 வேண்டும். நோட்டா இந்தக் கணக்கில் சேராது.

3. தமிழில் எந்தச் சொல்?

அதிகம் தவறு நடப்பது 'பறிமுதல்' என்ற சொல்லில். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் மதுபாட்டில்கள் பறிமுதல் என்று செய்தி வந்தால், அங்கே நடந்தது சீஸ் (seize), அதாவது கைப்பற்றுதல். ஃபார்ஃபிட் என்று மொழிபெயர்க்கக் கூடாது. ஃபார்ஃபிட்டின் எழுவாய் பெரும்பாலும் இழப்பவர்தான். 'அவர் முன்பணத்தை இழந்தார்' என்பதே இயல்பான தமிழ். உரிமை என்றால் 'உரிமை இழத்தல்'. ஆனால் நம் சட்ட நடையில் வாங்கி வைத்துக்கொள்பவரும் எழுவாயாக வருவார். அப்போது 'முன்பணத்தைத் திருப்பித் தராமல் எடுத்துக்கொண்டது' என்று விரித்து எழுதினால் குழப்பம் இல்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இச்சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அங்கே முதற்பொருள் குற்றம். இன்றைய பிரெஞ்சில் ஃபோர்ஃபே என்றால் மொபைல் பிளான் போன்ற மொத்தக் கட்டணம். பிரான்சில் இருக்கும் உறவினர் 'என் ஃபோர்ஃபே முடிஞ்சிடுச்சு' என்றால் அபராதம் எதுவும் இல்லை. வீட்டு விளையாட்டில் தோற்றவருக்குத் தரும் தண்டனைக்குப் பிரெஞ்சில் வேறு சொல்: காஜ். அதன் மூலப்பொருள் ஈடு. மார்ட்கேஜ் என்ற சொல்லின் வால் பகுதியும் அதேதான்.

4. விளையாடிப் பாருங்கள்

ஆறு முதல் பத்துப் பேர், ஒரு தட்டு, ஒரு துண்டு போதும். வட்டமாக உட்கார்ந்து 1 முதல் 50 வரை எண்ணுங்கள். 7 இடம்பெறும் எண்ணுக்கும் 7ஆல் வகுபடும் எண்ணுக்கும் வாயைத் திறக்காமல் கைதட்ட வேண்டும். மொத்தம் 11 தட்டு. 27, 28 அடுத்தடுத்து வருவதால் பலர் அங்கேதான் சிக்குவார்கள்: 27க்குத் தட்டிய கை ஓயுமுன் பக்கத்தில் இருப்பவர் 'இருபத்தெட்டு' என்று சொல்லிவிடுவார்.

தப்பு செய்தவர் ஹேர்கிளிப், சாவிக்கொத்து என்று ஏதாவது ஒன்றைத் தட்டில் வைக்க வேண்டும். அந்தப் பொருள்தான் ஃபார்ஃபிட். தமிழில் ஈடு அல்லது பணயம் எனலாம். செல்போன் வேண்டாம், கை தவறி விழும்.

ஐந்தாறு பொருள் சேர்ந்ததும் ஒருவர் கண்ணைத் துண்டால் கட்டுங்கள். இன்னொருவர் ஒரு பொருளை அவர் தலைக்கு மேல் தூக்கி, 'இதுக்குச் சொந்தக்காரர் என்ன செய்யணும்?' என்று கேட்க, கண் கட்டியவர் தண்டனை சொல்ல வேண்டும். 'யாரு தச்ச சட்டை, எங்க தாத்தா தச்ச சட்டை' என்று மூச்சு விடாமல் ஐந்து முறை சொல்வது நல்ல தண்டனை. கண் கட்டாமல் ஆடினால் ஆளைப் பார்த்துத் தண்டனை வரும், சண்டையும் வரும். ஒருவரின் உருவத்தையோ வீட்டு நிலையையோ தொடும் தண்டனையை ஆரம்பத்திலேயே விலக்கி வையுங்கள்.

சொன்னதைச் செய்தால் பொருள் உடனே திரும்பி வந்துவிடும். மாட்டேன் என்று மறுப்பவரின் சாவிக்கொத்து மட்டும் ஆட்டம் முடியும்வரை தட்டிலேயே கிடக்கும்.