கொழும்பு வளவில் மிளகாய்: நான் விட்ட பிழைகளை நீங்களும் விடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து ஒழுங்கைத் தம்பி ஒருவன் கேற்றடியில் வந்து நின்றான். கையில் ஒரு மிளகாய்க் கண்டு, வேரோடு பிடுங்கினது. "அன்ரி, நேற்று நல்லா நிண்டது, இண்டைக்குத் தலை தொங்கிப் போச்சு. வைரஸோ?" என்றான். வாங்கி வேரைப் பார்த்தேன். பழுப்பு நிறம், விரலால் இழுத்தால் தோல் கழன்று நூல் மாதிரி நடு நரம்பு மட்டும் மிஞ்சியது, வாய்க்கால் சேற்று நாற்றம் வேறு. கிடங்கு வெட்டியா நட்டாய் என்று கேட்டேன். "ஓம் அன்ரி, ஒன்றரை அடி ஆழம். முழுக்கக் கூட்டெரு" என்று பெருமையாகச் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவன்மேல் இல்லை. அதே பிழையை அதே பெருமையோடு இரண்டு வருஷம் தொடர்ந்து விட்டவள் நான்.

வெயில் வேண்டும், களை பிடுங்க வேண்டும், தண்ணீர் விட மறக்கக்கூடாது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாமல் யாரும் மண்வெட்டி வாங்குவதில்லை. தெஹிவளையில் இருபது அடிக்குப் பன்னிரண்டு அடி பின்வளவில் நான் பட்டதை மட்டும் சொல்கிறேன். சட்டிக்காரர்கள் மன்னிக்கவும், இது தரையில் நடுகிறவர்களுக்கு.

ஊர்க் காலத்தைக் கொழும்பில் பார்ப்பது

பெரும்போகம், சிறுபோகம் என்ற கணக்கு வரண்ட வலயத்துக்குப் போட்டது. அனுராதபுரத்திலோ வவுனியாவிலோ ஒக்டோபர் மழை வந்தால் சந்தோஷம். கொழும்பில் ஒக்டோபரும் நவம்பரும் சேர்ந்து சராசரியாக 650 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும், அந்த மழைக்குள் கண்டைத் தரையில் வைத்தால் அது குளிக்குமே தவிர வளராது. நான் இப்போது செய்வது இதுதான்: நவம்பர் தொடக்கத்தில் கூரைக்குக் கீழே விதை போடுகிறேன். ஏழு முதல் பத்து நாளில் முளைக்கும். ஒரு மாதக் கண்டாக டிசம்பர் நடுவில் தரைக்குப் போகும். ஜனவரியும் பெப்ரவரியும் இங்கே வருஷத்திலேயே மழை குறைந்த மாதங்கள், பூவும் பிஞ்சும் அந்த வெயிலில் வரும். ஏப்ரல் இடிமழையும் அதன் பிறகு மே மாதத்துத் தென்மேற்குப் பருவமழையும் வருவதற்குள் ஐந்தாறு தடவை பறித்துவிடலாம். மே மாதத்தில் நட்டு மழையோடு மல்லுக்கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பொறுமை எனக்கில்லை.

கடைச் செத்தல் மிளகாயில் விதை எடுப்பது

முளைக்கும். என்ன முளைக்கும் என்பதுதான் தெரியாது. எம்ஐ-2 விதை பைக்கற் ஒன்று வாங்குங்கள். மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தில் உண்டான இனம், அந்தப் பெயரில்தான் எம்ஐ.

கிடங்கு

இதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் அப்பா கோண்டாவில். எழுபதுகளில் அரசாங்கம் இறக்குமதியை மட்டுப்படுத்திய காலத்தில் யாழ்ப்பாணத்தில் மிளகாயும் வெங்காயமும் போட்டுக் கல்வீடு கட்டினவர்கள் இருக்கிறார்கள். அப்பா கட்டவில்லை, ஆனால் மிளகாய் போட்டார். அந்தச் செம்மண்ணில் நீங்கள் எங்கே தோண்டினாலும், எவ்வளவு தண்ணீர் இறைத்தாலும், கொஞ்ச நேரத்தில் கீழே போய்விடும், அடியில் சுண்ணாம்புக்கல். கிடங்கு வெட்டி எரு போட்டு நடு என்று அவர் சொன்னது அந்த மண்ணுக்குச் சரியான பேச்சு. நான் அந்தப் பேச்சை மட்டும் கொழும்புக்குக் கொண்டுவந்தேன். மண் கோண்டாவிலிலேயே நின்றுவிட்டது.

2020 ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோதுதான் தோட்டம் செய்ய வேண்டும் என்று புத்தி வந்தது, அந்த வருஷம் ஒக்டோபரில் 24 கிடங்கு வெட்டுவித்தேன். எங்கள் வளவின் மேல்மண் ஒரு சாண். அதற்குக் கீழே கட்டட இடிசலும், வீடு கட்டும்போது லொறி ஏறி இறுகிப்போன கபுக்கும். கபுக் தெரியும்தானே, வெட்டும்போது வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும், காற்றுப் பட்டால் கல்லாக இறுகும், கொழும்பில் பழைய வீட்டு மதில் எல்லாம் அதுதான். வேலைக்கு வந்தவர் அலவாங்கால் குத்திக் குத்தி மூன்றாவது கிடங்கு முடிந்ததும் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, "நோனா, வத்துர பஹின்னே நா" என்றார். தண்ணீர் இறங்காது என்று ஒரு மனிதர் முகத்துக்கு நேரே சொல்கிறார். நான் அவருக்குத் தேநீர் கொடுத்து, மற்ற 21 கிடங்கையும் வெட்டச் சொன்னேன்.

உள்ளே கூட்டெருவும் தும்புச்சோறும், அதாவது தேங்காய்த் தும்பிலிருந்து உதிர்கிற தூளும், பாதிக்குப் பாதி நிரப்பினேன். தும்புச்சோறு தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சட்டியில் அது நல்ல குணம், ஏனென்றால் சட்டிக்கு அடியில் ஓட்டை உண்டு. என் கிடங்குக்கு எங்கே ஓட்டை? சுற்றிலும் இறுகின கபுக், நடுவில் பஞ்சு. மழை பெய்தால் சுற்றியிருக்கிற கட்டாந்தரைத் தண்ணீர் முழுக்க மெத்தென்ற இடத்தைத் தேடி அதற்குள்தான் ஓடிவரும், வந்தது வெளியே போகாது. இதோடு இன்னொரு கூத்து: கூட்டெரு மக்கி அமிழும். இரண்டு மாதத்தில் ஒவ்வொரு கண்டும் நாலு விரற்கடை கீழே இறங்கிச் சின்னச் சின்னக் கிணறு மாதிரி ஆனது. அப்போது கூரைத் தண்ணீரும் அதற்குள்ளே போகத் தொடங்கியது.

வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். கொழும்புச் சூட்டில் தேங்கின மண்ணில் இருக்கிற காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும், வேர் அழுகும், அழுகின வேரால் தண்ணீர் குடிக்க முடியாது. ஆக, கண்டு தண்ணீருக்குள் நின்றுகொண்டே தாகத்தில் தலையைத் தொங்கப் போடும். தலை தொங்கினால் நாங்கள் என்ன செய்வோம்? ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவோம். நானும் ஊற்றினேன், காலையும் பின்னேரமும்.

24இல் மூன்று மிஞ்சியது. எரு காணாது போல என்று முடிவு கட்டினேன். அடுத்த வருஷம் என்ன செய்தேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது: அதே கிடங்குகளை இன்னும் அரை அடி ஆழமாக்கி, இன்னும் அதிகம் கூட்டெரு போட்டேன். காசு கொடுத்துப் பெரிய கிணறு வெட்டினேன் என்று வையுங்கள். இந்தத் தடவை ஒன்றும் மிஞ்சவில்லை. அலவாங்குக்காரர் இரண்டாம் தடவை வாயே திறக்கவில்லை, தேநீரைக் குடித்துவிட்டு வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நடுவதற்கு முதல் செய்ய வேண்டியது ஒரேயொரு சோதனை, செலவே இல்லை. அடி ஆழம், அடி அகலத்தில் ஒரு குழி தோண்டி நிறையத் தண்ணீர் விடுங்கள். அது வடிந்ததும் இன்னொரு தடவை நிரப்பி, ஒரு ஈர்க்கைக் குத்தி அடையாளம் வையுங்கள். மணிக்கு ஒரு அங்குலமாவது இறங்கினால் அந்த இடத்தில் நடலாம். நான் பிந்திப் புத்தி வந்து செய்து பார்த்தபோது காலை ஏழு மணிக்கு நிரப்பினது பின்னேரம் ஐந்துக்கும் நாலு விரல் நின்றது. அடுத்த நாள் காலை அதற்குள் ஒரு தவளை.

இறங்காவிட்டால் கீழே போகாதீர்கள், மேலே வாருங்கள். மிளகாயின் வேர் பெரும்பாலும் மேல் ஒரு அடிக்குள்தான் ஓடும், ஆழக் கிடங்கு அதற்குத் தேவையே இல்லை. நான் தரையை அலவாங்கால் குத்தி இளக்கிவிட்டு, அதன்மேல் மூன்று அடி அகலம், ஒரு அடி உயரத்தில் மேட்டுப்பாத்தி போட்டிருக்கிறேன். வளவு மண் நாலு கூடைக்குக் கூட்டெரு ஒரு கூடை, அவ்வளவுதான். தும்புச்சோறு நாற்றுக்கு மட்டும். பாத்திகளுக்கு நடுவில் ஒரு மண்வெட்டி அகலத்துக்கு வாய்க்கால், அது கட்டாயம் சரிவாகத் தெருக் காணுக்குப் போய்ச் சேர வேண்டும். மதிலில் முட்டி நிற்கிற வாய்க்கால் இன்னொரு கிடங்குதான், நீளக் கிடங்கு.

2022இல் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள், ஞாபகம் இருக்கும். அந்த மாதங்களில் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு அலவாங்குச் சத்தம். ஐந்து வீட்டுக்காவது நான் போய், கிடங்கு வெட்டாதீர்கள் என்று சொன்னேன். ஐந்து பேரும் தேநீர் தந்தார்கள்.

என்னுடைய கிடங்குகளில் ஒன்றை மூடாமல் விட்டிருக்கிறேன். அதில் தண்ணீருக்குள்ளேயே வளர்கிற கங்குன் கீரை நிற்கிறது. பிரமாதமாக வளர்கிறது.

பழைய கத்தரிப் பாத்தியில் மிளகாய்

கத்தரி, தக்காளி, கறிமிளகாய், மிளகாய் எல்லாம் ஒரே குடும்பம், ஒரே வருத்தம். பக்டீரியா வாடல் என்று ஒன்று இருக்கிறது. பச்சை இலையோடு மத்தியானத்தில் வாடும், இரவில் எழும்பும், மூன்றாம் நாள் ஒரேயடியாகப் படுத்துவிடும். இலை மஞ்சளாகக்கூட நேரம் இருக்காது. தண்ணீர் தேங்குகிற சூடான மண் அதற்குச் சொர்க்கம், ஆகவே கிடங்கும் இதுவும் பெரும்பாலும் கைகோத்துத்தான் வரும்.

கண்டுபிடிக்க ஒரு வழி. வாடின கண்டின் அடித்தண்டில் ஒரு துண்டைக் குறுக்காக வெட்டி, கண்ணாடிக் கிளாஸில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் தண்ணீரைத் தொடும்படி அசையாமல் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெள்ளை நூல் ஒன்று மெதுவாகக் கீழே இறங்கினால் அதுதான். முதன்முதலில் பார்த்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. மருந்து கிடையாது. கண்டை வேரோடும் மண்ணோடும் அள்ளிப் பையில் கட்டி எறிந்துவிட்டு, அந்தப் பாத்தியில் சில வருஷத்துக்குக் கீரை, சோளம், பயற்றை என்று வேறு குடும்பத்தை வையுங்கள். வெட்டின கத்தியையும் மண்வெட்டியையும் கழுவாமல் அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகக் கூடாது.

இலை சுருண்டதும் மருந்து அடிப்பது

எந்தப் பக்கம் சுருண்டது என்று முதலில் பாருங்கள். ஓரம் மேல்நோக்கித் தோணி மாதிரி மடிந்தால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிற்றுண்ணி. ஒரு வெள்ளைத் தாளின்மேல் குருத்தைத் தட்டினால் இலைப்பேன் தூசி மாதிரி விழுந்து ஓடும். சிற்றுண்ணி வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது. பூச்சிக்கு அடிக்கிற மருந்தில் பல சிற்றுண்ணியைத் தொடவே தொடாது, அதைத் தின்கிற நல்ல உயிர்களைத்தான் கொல்லும். அதனால் அடித்த பிறகு வருத்தம் கூடும். கூடினதும் நாங்கள் இன்னும் அடிப்போம். சிற்றுண்ணிக்குக் கந்தகம் இருக்கிறது, இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய்க் கரைசலில் தொடங்கலாம், இரண்டும் பின்னேரத்தில், வெயில் தாழ்ந்த பிறகு. புது இலையெல்லாம் சிறுத்து, மஞ்சளும் பச்சையுமாக நெளிந்து, கண்டு குட்டையாகவே நின்றால் அது வெண் ஈ கொண்டுவந்த வைரஸ், பிடுங்கிவிடுங்கள். சந்தேகமென்றால் 1920க்குத் தொலைபேசி எடுத்து விவசாயத் திணைக்களத்தைக் கேட்கலாம். கடையில் கேட்டால் கடையில் இருப்பதைத்தான் தருவார்கள்.

யூரியா

குறையுங்கள். 2022இல் வாங்கக் கட்டுப்படியாகாமல் விட்டேன், அந்தப் போகம்தான் இலை குறைந்து பூ கூடியது.

சுண்ணாம்பும் யூரியாவும் ஒரே நாளில்

காசு ஆவியாகிப் போகும். இரண்டு மூன்று வாரம் இடைவெளி.

நத்தைக்கு உப்பு

ஆபிரிக்க நத்தை ஒரே இரவில் பத்து நாற்றைத் தின்றுவிட்டுக் காலையில் மதில் நிழலில் ஒன்றும் அறியாதது மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஆத்திரத்தில் பாத்தியைச் சுற்றி உப்புத் தூவினேன், அடுத்த மழையில் உப்பு வேருக்குப் போனது. இப்போது இரவு ஒன்பது மணிக்கு ரோர்ச்சும் வாளியும்தான். உப்புத் தண்ணீர் வாளிக்குள் இருக்கட்டும், நத்தையைக் கையுறை போட்டுப் பிடியுங்கள்.

நாற்றுத் தட்டுக்குக் கீழே தேங்கின தண்ணீர்

டெங்கு நுளம்பு பெருகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பிஎச்ஐ) வந்தால் மிளகாய்க்கு என்று சொல்லித் தப்ப முடியாது.

பழுக்கட்டும் என்று விடுவது

முதல் காய் நாலைந்து சிவந்து நிற்பது பார்க்க அழகுதான். ஆனால் காய் முற்றி விதை பிடிக்கத் தொடங்கினால் கண்டு புதுப் பூவைக் குறைத்துவிடும். பச்சையாகவே, பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை, காம்போடு பறியுங்கள். இழுத்துப் பிய்த்தால் கிளை முறியும், ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு காயை மேல்நோக்கி மடக்கினால் காம்பு தானாகக் கழரும். விதைக்கு வேண்டுமானால் ஒரு நல்ல கண்டை ஒதுக்கி அதைப் பழுக்க விடலாம். என் வளவில் அது மூலைக் கண்டு. கொண்டைக் குருவிக்கும் அது தெரியும்.