இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஆத்தா வீட்டுக்கு வந்தபின்

எங்கள் ஆத்தா கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில், விடியக்காலம் கட்டுத்தரையில் சாணி வழுக்கி விழுந்து இடது தொடை எலும்பின் கழுத்து முறிந்தது. இடுப்பு மூட்டில் பாதியை மாற்றி ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆபரேஷன் டாக்டர் வேலை, அதற்கப்புறம் வரும் மூன்று நாலு மாதம் முழுக்க வீட்டுக்காரர்கள் வேலை என்பதை எங்களுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேட்டு எழுதி வாங்குங்கள். முதலாவது, அந்தக் காலில் எவ்வளவு எடை ஊன்றலாம்: முழுசாகவா, பாதியா, விரல் நுனி தரையில் படும் அளவுக்கா? ஆணி, கம்பி போட்டவர்களுக்கும் மூட்டு மாற்றியவர்களுக்கும் பதில் வேறாக இருக்கலாம், அதனால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் எப்படி நடந்தார் என்பது உங்களுக்கு உதவாது. இரண்டாவது, எதெல்லாம் கூடாது. மூட்டு மாற்றும்போது பின்பக்கமாகத் திறந்திருந்தால் 6 முதல் 12 வாரம் வரை இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்காதே, கால்மேல் கால் போடாதே, காலை உள்பக்கம் திருப்பாதே என்பார்கள். நம் வீட்டுக்கு இதன் அர்த்தம், தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதும் குத்தவைத்துக் காய் அரிவதும் கிடையாது.

கயிற்றுக் கட்டிலை முதலில் வெளியே எடுங்கள். ஆத்தா அதுதான் வேண்டுமென்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் கயிறு தொய்ந்து இடுப்பு உள்ளே போய்விட்டால் எழவே முடியாது. உட்கார்ந்தால் முட்டியைவிட இடுப்பு கொஞ்சம் மேலே இருக்கிற உயரத்தில் பலகைக் கட்டிலும், கைப்பிடி வைத்த கனமான மர நாற்காலியும் வேண்டும். பிளாஸ்டிக் சேர் எழும்போது நழுவும். பொடக்காளிக்கு (வீட்டுக்குப் பின்பக்கம்) ராத்திரியில் நடக்கவிடாதீர்கள், கட்டில் பக்கத்திலேயே கமோடு சேர் போடுங்கள். பாத்ரூம் சுவரில் கைப்பிடிக் கம்பி அடியுங்கள். குழாயையும் துண்டுக் கம்பியையும் பிடித்துத்தான் பாதிப் பேர் மறுபடி விழுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கால்மிதி, ஒயர் எல்லாம் ஓரமாகப் போகட்டும், ராத்திரி ஒரு சின்ன பல்பு எரியட்டும்.

வாக்கர் உயரம் சரியாக இருக்க வேண்டும்: நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே பிடி. முதலில் வாக்கர், அப்புறம் ஆபரேஷன் செய்த கால், அப்புறம் நல்ல கால். பின்னால் குச்சிக்கு மாறும்போது எல்லோரும் செய்யும் தப்பு, வலிக்கிற பக்கமே குச்சி பிடிப்பது. இடது இடுப்பு என்றால் குச்சி வலது கையில். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

பயிற்சி பெரிய வித்தையில்லை. படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, முட்டியைக் கட்டிலில் அழுத்தித் தொடையை 5 எண்ணும்வரை இறுக்குவது, பத்துப் பத்து தடவை. பிசியோ சரி என்றதும் சமையல் மேடையைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டில் தூக்குவது. எல்லாவற்றிலும் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதுதான் முக்கியம். ஆத்தா முதல் வாரம் இரண்டு தடவையோடு போதும் சாமி என்றார், இரண்டாம் மாதம் கையை ஊன்றாமல் எட்டு. வலி மாத்திரையை அரைமணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். எண்ணெய் போட்டு நீவிவிடுகிறேன் என்று வருபவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடலாம். பிசியோவுக்குப் பணம் கட்ட முடியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்வதும் உண்டு.

பெரிய தடை பாசம்தான். பார்க்க வரும் சொந்தமெல்லாம் ஆரஞ்சுப் பையோடு உட்கார்ந்து பழமை பேசிவிட்டு, "நீங்க எந்திரிக்காதீங்க ஆத்தா, படுங்க" என்பார்கள். படுத்தே கிடந்தால் சதை கரையும், புண் வரும், சளி கட்டும். நாங்கள் தண்ணிச் சொம்பைப் பத்தடி தள்ளி வைத்தோம், காபி திண்ணையில்தான் என்றோம். திட்டிக்கொண்டே நடந்தார்.

வெறும் கஞ்சி போதாது. கொள்ளுப் பருப்பு, முட்டை, தயிர், ராகிக் களி, அரிசியும்பருப்புஞ்சோறு, இவற்றில் ஏதாவது மூன்று வேளையும் தட்டில் இருக்கட்டும். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும், தண்ணீரும் கீரையும் மறக்காதீர்கள்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால், தையலில் நீர் கசிந்தால், காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ, கால் குட்டையாகி ஊன்றவே முடியாமல் போனாலோ யோசிக்காமல் 108.

இன்னொன்று. நின்ற உயரத்திலிருந்து விழுந்தே எலும்பு முறிந்தது என்றால் எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது, அடுத்த இடுப்பும் அப்படித்தான். எலும்பு வலுவுக்கான மருந்து டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் சீட்டில் இல்லை, இரண்டாம் செக்கப்பில் நாங்களே கேட்ட பிறகுதான் எழுதினார்கள்.