தாயில்லாக் குட்டிக்கு உடனே பால் புகட்டாதீர்கள்

போன வாரம் கொட்டுகிற மழையில் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஓர் ஆட்டுக்குட்டியைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். “அக்கா, விடிய வெளுப்புக்குப் பிறந்தது. தாய் செத்துப்போச்சு. பால் கொடுத்தா முழுங்கவே மாட்டேங்கு.” குட்டியின் வாய்க்குள் விரலை விட்டேன். நாக்கு ஐஸ் மாதிரி இருந்தது. நல்லவேளை, கொடுத்த பால் எல்லாம் வெளியேதான் வழிந்திருந்தது.

நான் வளர்ப்பது மலபாரி ஆடு. ஒரே ஈற்றில் மூன்று குட்டிகூடப் போடும். காம்பு இரண்டுதான், அதனால் மெலிந்தது ஒதுங்கிவிடும். ஆரம்ப காலத்தில், ஓர் ஆனி மாத மழையில், அப்படி ஒதுங்கிய குட்டி ரப்பர் மரத்து மூட்டில் நனைந்து கிடந்தது. பசியில் துவண்டிருக்கிறது என்று நினைத்து, பாலைப் பாலாடைச் சங்கில் எடுத்து வாயில் ஊற்றினேன். தொண்டையில் களகளவென்று சத்தம், மூக்கில் பால் நுரை. சாயங்காலத்துக்குள் போய்விட்டது. இப்படிச் செய்யக் கூடாதவற்றைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

குளிர்ந்த குட்டிக்குப் பால்

இதை இன்னும் எத்தனை பேர் செய்கிறார்கள்! பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. உடம்பு குளிர்ந்த குட்டிக்கு முழுங்கத் தெரியாது. ஊற்றுகிற பால் நுரையீரலுக்குப் போகும். தப்பித்து வயிற்றுக்குப் போனாலும் குடல் வேலை செய்யாது, பால் அங்கேயே கிடந்து கெடும். அக்கறையோடு செய்கிற காரியமே குட்டியைக் கொன்றுவிடுகிறது.

ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். 100-க்குக் கீழே என்றால் ஒரு சொட்டுப் பாலும் கூடாது. ஈரம் போகத் துடைத்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். ரொம்பக் குளிர்ந்திருந்தால், தலை வெளியே இருக்கும்படி கை தாங்கும் வெந்நீரில் உடம்பை அமிழ்த்திப் பிடித்து, அப்புறம் முடி உலரத் துடைக்க வேண்டும். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறையில் கொண்டு வைக்காதீர்கள், மூச்சு கெடும்.

பிறந்து ஐந்து மணி நேரம் தாண்டியும் தலை தூக்காமல் கிடந்தால், சூடு ஏற்றுவதற்கு முன்பே குளுக்கோஸ் ஊசி வேண்டும். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். சர்க்கரை வற்றிய உடம்பைச் சூடாக்கினால் வலிப்பு வந்து சாகும்.

தம்பியின் குட்டி பிறந்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. வெந்நீரில் வைத்துத் துடைத்தபின் நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் வந்தாலே எனக்குப் பாதி நிம்மதி. கொஞ்ச நேரத்தில் என் விரலைச் சப்பி இழுத்தது. சரி, இனிப் பால் கொடுக்கலாம்.

சீம்பாலைத் தள்ளிப்போடுவது

குட்டி சூடானதும் முதலில் போக வேண்டியது சீம்பால்தான். முதல் ஆறு மணி நேரம் முக்கியம். ஒரு நாள் கழிந்தால் அதிலுள்ள எதிர்ப்புச் சக்தியைக் குடல் ஏற்காது. இரண்டு கிலோக் குட்டிக்கு முதல் நாளில் குறைந்தது 200 மில்லி, நாலைந்து தடவையாக. தாய் இல்லையென்றால் அன்று ஈன்ற வேறு ஆட்டின் பால், அதுவும் கிடைக்காவிட்டால் பசுவின் சீம்பால்.

சீம்பாலைக் கொதிக்க வைப்பது

திரிந்து கட்டியாகும். வெந்நீரில் பாத்திரத்தை வைத்துச் சூடாக்கினால் போதும்.

மல்லாக்கப் போட்டுப் புகட்டுவது

கூடவே கூடாது. நின்றபடி கழுத்தை நீட்டிச் சப்பட்டும்.

கால் மடங்கிய குட்டியைக் கைவிடுவது

முன்னங்கால் மடங்கிப் பிறந்தால் ‘இது தேறாது’ என்று அன்றைக்கே ஒதுக்கிவிடுகிறார்கள். வயிற்றில் இடம் பற்றாமல் நரம்பு இழுத்ததாக இருந்தால் பல குட்டிகள் தேறும். பிவிசி குழாயை நெடுக்குவாக்கில் பிளந்து, உள்ளே பஞ்சு வைத்துக் கட்டுங்கள். தினமும் அவிழ்த்து வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பார்வையில்லாத குட்டிக்கு இடம் மாற்றுவது

தண்ணீர்ச் சட்டியை ஒரு முழம் நகர்த்தினாலும் அது தவித்துப்போகும். எங்களிடம் இருக்கும் பார்வையில்லாத பெட்டைக்கு, சாதுவான ஓர் ஆட்டின் கழுத்தில் மணி கட்டித் துணைக்கு விட்டிருக்கிறோம். மணி நின்றால் அதுவும் நின்று காதைத் திருப்பும். மணி அசைந்ததும் பின்னாலேயே பலா மரத்து மூடு வரைக்கும் போய், உதிர்ந்த இலையை மோந்து தின்கிறது.